பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ்?

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளிலும் லீ பஜார் கமிஷன் கடைகளிலும் இன்னும் ஓடுகிற மெஷின்களுக்கு ஜாதகம் ஏறக்குறைய ஒன்றுதான்: மூன்றாம் தலைமுறை ஐ3 அல்லது அதற்கும் முந்தியது, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதற்குள் கணக்கு எழுதும் டேலி, ஜிஎஸ்டி போர்ட்டல், வாட்ஸ்அப் வெப் மூன்றும் திறந்திருக்கும். இதன் தலையில் எதை ஏற்றுவது?

விண்டோஸ் 10 இருந்தால் காசு செலவழிக்க வேண்டாம். கூடவே வரும் டிஃபெண்டர் போதும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டாலும், டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. விண்டோஸின் ஓட்டைகளை அது அடைக்காது என்பது வேறு விஷயம்.

டிஃபெண்டர் படுத்துவது ஸ்கேன் ஓடும்போதுதான். பில் போடுகிற நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' முதலில் நிற்கும், டிஸ்க் 100 சதவீதம் காட்டும். டாஸ்க் ஷெட்யூலரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர் என்று போய் 'ஷெட்யூல்டு ஸ்கேன்' நேரத்தைச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றுங்கள். ராத்திரிக்கு வைத்தால் கடை பூட்டும்போது மெயினையே அணைத்துவிடுவார்கள், ஸ்கேன் நடக்காது. ப்ரோ பதிப்பென்றால் குரூப் பாலிசியில் ஸ்கேனுக்கான சிபியு உச்சவரம்பு 50 சதவீதமாக இருக்கும், 20 ஆக்குங்கள். ஸ்கேன் முடிய நேரமாகும், ஆனால் டேலி நகரும்.

அடுத்தது எக்ஸ்க்ளூஷன், அதாவது ஸ்கேனிலிருந்து விலக்கு. டேலியின் டேட்டா ஃபோல்டரை மட்டும் விலக்குங்கள். டி டிரைவை மொத்தமாக விலக்கிவிட்டுப் போகும் சர்வீஸ்காரர்கள் இருக்கிறார்கள். டவுன்லோடும் பேக்கப்பும் அங்கேதான் கிடக்கும், வைரஸுக்குத் திறந்த வாசல். டேட்டா வேறு மெஷினில் இருந்தால் விலக்கு இரண்டு பக்கமும் வேண்டும். டிஃபெண்டரின் 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்', ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரேன்சம்வேருக்கு நல்ல தடுப்பு, தானாக ஆன் ஆகியிருக்காது. ஆன் செய்து டேட்டா ஃபோல்டரைச் சேர்த்தால் டேலியை அனுமதிப் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். மறந்தால் வவுச்சர் சேவ் ஆகாது, பழி டேலி மேல் விழும். கிராக் டேலி போட ஆன்டிவைரஸை அணைக்கிறவர்களுக்கு இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

விண்டோஸ் 7 கதை வேறு. அதில் டிஃபெண்டர் வெறும் ஸ்பைவேர் தடுப்புதான், ஆகவே காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். சென்னையின் கே7 எடை குறைவு, எங்கள் முதல் தேர்வு. வாங்கும்முன் பெட்டியில் விண்டோஸ் 7 எஸ்பி1 (சர்வீஸ் பேக் 1) என்று இருக்கிறதா பாருங்கள். ஈசெட்டும் இலகுவானதே, ஆனால் புதிய பதிப்புகள் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டன. புனேயின் குயிக் ஹீல் என்றால் ஆன்டிவைரஸ் ப்ரோவோடு நிறுத்துங்கள். டோட்டல் செக்யூரிட்டியின் கூடுதல் சாமான்கள் 4 ஜிபி ராமுக்குச் சுமை. எதுவானாலும் இன்ஸ்டால் பாதியில் நின்றால் கேபி 4490628, அப்புறம் கேபி 4474419 ஆகிய அப்டேட்டுகளைப் போட்டுவிட்டுப் பாருங்கள். அவை இல்லாத விண்டோஸ் 7-க்கு ஷா-2 என்ற புதிய வகை டிஜிட்டல் கையெழுத்துள்ள டிரைவர்கள் அடையாளம் தெரியாது. பழைய ஆன்டிவைரஸை அந்தந்தக் கம்பெனியின் ரிமூவல் டூல் கொண்டு எடுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் மெஷின் தூங்கிவிடும்.

இலவச அவாஸ்ட், ஏவிஜி வீட்டுக்கு மட்டும். கடையில் போடுவது லைசென்ஸ் மீறல். அவாஸ்ட் பயனர்களின் பிரவுசிங் விவரங்களை விற்ற விவகாரத்தில் 2024-ல் அமெரிக்காவில் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காசு வாங்கும் ஆன்டிவைரஸ்களில் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் செருகி ஜிஎஸ்டி தாக்கல் செய்யும்போது, கையெழுத்துப் போட உதவும் எம்சைனர் மென்பொருளின் தொடர்பு அறுந்தால், வெப் ஸ்கேன்தான் பெரும்பாலும் காரணம். எம்சைனரை மட்டும் விலக்கினால் போதும்.

ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கும் ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் நிறுவனத்தின் வேகச் சோதனையைப் பார்த்து மயங்க வேண்டாம். அவர்கள் ஐ3 மெஷினை எடுத்தாலும் உள்ளே ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் மெஷினில் அந்த எண்கள் செல்லாது. டோட்டல் செக்யூரிட்டிக்குக் கட்டும் ஆண்டுச் சந்தாவை 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டிக்கு ஒதுக்குவதுதான் சரியான கணக்கு. அம்மாபேட்டை தறிப் பட்டறை ஆபீஸ்களில் அதற்கும் முன்னால் மூடியைக் கழற்றிப் பாருங்கள்: சிபியு ஃபேனுக்கடியில் ஹீட் சிங்க் பஞ்சால் அடைத்திருக்கும். சூடேறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் எந்த ஆன்டிவைரஸும் கனமாகத்தான் தெரியும்.

ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ்களுக்கு பாண்டா போன்ற, நெட் வழியாகச் சரிபார்க்கும் கிளவுட் வகை வேண்டாம். மழையில் நெட் போனால் அதன் பலம் பாதியாகிவிடும். டிஃபெண்டரின் ஆஃப்லைன் அப்டேட் ஃபைல் 100 எம்பிக்கு மேல் இருக்கும். சேலம் வரும்போது வாரம் ஒருமுறை பென்டிரைவில் இறக்கிக்கொண்டு போகலாம். அந்த பென்டிரைவை ஜெராக்ஸ் கடையில் செருகாதீர்கள். செருகிய பிறகு ஃபோல்டர்களெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் எதையும் டபுள் கிளிக் செய்யாமல் முதலில் ஸ்கேன். ஃபைல்கள் அழிந்திருக்காது, ஒளிந்திருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹிடன் ஃபைல்ஸ்' காட்டச் சொல்லி, 'ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கை எடுத்தால் வெளியே வரும்.