10 மில்லி புளிப்புத் தண்ணி, யானை விலை

பெப்டைட் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி, குட்டிப் புரதம் மாதிரி) கரைக்கவென்றே விற்கும் 0.6 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஆன்லைனில் வாங்கினேன். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், கிருமியைக் கொல்லும் பெப்டைடுகளோடுதான் என் பிழைப்பு. லைசின், ஆர்ஜினின் என்ற காரத்தன்மை அமினோ அமிலங்கள் நிறைய உள்ள ஒன்றை பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) போட்டதும் கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கிவிட்டது. இந்த மாதிரிக்கு நீர்த்த அமிலம்தான் சரி, அதுவும் கையில் தீர்ந்திருந்தது, அவசரத்தில் ஆர்டர் போட்டேன்.

சரக்கு மோசமில்லை. பிஹெச் மீட்டரில் 2.9 காட்டியது, 0.6 சதவீதம் என்பது 0.1 மோலார் செறிவு, அதற்கு அதுதான் கணக்கு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த பெப்டைட் தூள் குப்பியை அறைச் சூட்டுக்கு வரவிட்டுத்தான் திறந்தேன், ஏனென்றால் நம்ம ஊர் ஆனி மாச ஈரத்தில் குளிர்ந்த குப்பியைத் திறந்தால் தூள் உடனே பிசுபிசுத்துவிடும், ஒருமுறை பட்டாச்சு. அமிலத்தை ஓரமாக விட்டு, குலுக்காமல் மெல்லச் சுழற்றினேன். இரண்டே நிமிடம், கண்ணாடி மாதிரி தெளிந்தது.

ஆனால் மூடி லூசு. பார்சலைப் பிரித்ததுமே ஊறுகாய் வாசம். லேபிளில் பேட்ச் நம்பர் இல்லை, தேதியும் இல்லை. ‘எல்லாப் பெப்டைடுக்கும் ஏற்றது’ என்று வேறு போட்டிருக்கிறார்கள், அது சுத்தப் பொய். ஆஸ்பார்டிக், குளுட்டாமிக் என்ற அமிலத்தன்மை அமினோ அமிலங்கள் அதிகமுள்ளது அமிலத்தில் இன்னும் அடம்பிடிக்கும், அதற்கு நீர்த்த அம்மோனியா பக்கம் போகணும்.

விலையைச் சொன்னால் வயிறு எரியும். கிளேசியல் அசிட்டிக் (தண்ணீர் கலக்காத அசிட்டிக் அமிலம்) 0.57 மில்லியைத் தண்ணீரில் விட்டு 100 மில்லியாக்கினால் இதே சரக்குதான், 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடித்தால் முடிந்தது. கிளேசியல் பாட்டிலை ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், அது 16.6 டிகிரியிலேயே உறைந்துவிடும். எங்கள் ஜூனியர் ஒருத்தன் வைத்துவிட்டுப் போய் மறுநாள் பார்த்தால் கற்கண்டுக் கட்டி.

அப்புறம், அமிலமே பாக்டீரியாவைக் கொல்லும். பெப்டைட் இல்லாமல் அதே அளவு அமிலம் மட்டும் விட்ட குழி ஒன்று, பாக்டீரியாவைச் சோதிக்கும் பிளேட்டில் இருக்கட்டும். முதல் தடவை நான் அதை விட்டுவிட்டு, பெப்டைட் பிரமாதம் என்று குதித்தேன், ஒரு வார வேலை குப்பைக்குப் போச்சு.

ஜிம் தம்பி ஒருத்தன் இதை ஊசியில் போடலாமா என்று கேட்டான். இது ஆராய்ச்சிச் சரக்குடே, உடம்புக்கு இல்லை.

5க்கு இரண்டரை. மிச்சம் 6 மில்லி இருக்கு, பக்கத்துக் கல்லூரி லேப்காரர்கள் யாருக்காவது அவசரமென்றால் தருகிறேன், மூடி கழன்றுவிடும், நிமிர்த்தியே கொண்டுபோங்கள்.