கண்டர்ஸ்வில் ஏரி: கிலுகிலுப்பையா, ரப்பர் தவளையா, பாசியைத் துளைக்கும் குண்டா?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள கண்டர்ஸ்வில் ஏரிக்கு, பாஸ் என்னும் நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்க முதன்முறையாக வரும் நண்பர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “எந்த இரையை வாங்கட்டும்?” நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: “எந்த மாதம் வருகிறீர்கள்?” மாதம் தெரிந்தால் பாசி எவ்வளவு உயரம் நிற்கும் என்று தெரிந்துவிடும். பாசியின் உயரம் தெரிந்தால் இரையைப் பற்றிய பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இங்கே பாசி தழைப்பதும் மடிவதும்தான் பருவம்.

டென்னசி ஆற்றின் குறுக்கே 1939இல் அணை கட்டி முடித்தபோது உருவான நீர்த்தேக்கம் இது. மேலே நிக்கஜாக் அணையிலிருந்து கீழே கண்டர்ஸ்வில் அணை வரை ஏறத்தாழ 75 மைல் நீளம், 69,000 ஏக்கர் பரப்பு. அலபாமாவின் மிகப் பெரிய ஏரி இதுதான். சரக்குப் படகுகள் ஓட வேண்டும் என்பதால் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய இரண்டடிக்குள்ளேயே ஏறி இறங்கும். நிலையான தண்ணீர், பழைய ஆற்றுப் பள்ளத்தின் இருபுறமும் விரிந்து கிடக்கும் ஆழமில்லாத மேடுகள்: பாசிக்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்காது. மில்ஃபாயிலும் ஹைட்ரில்லாவும் ஏக்கர் ஏக்கராக வளர்கின்றன.

ஹைட்ரில்லாவைத் தமிழ்நாட்டில் பள்ளி அறிவியல் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். முகவைத் தண்ணீரில் புனலைக் கவிழ்த்து, வெயிலில் வைத்து, சோதனைக் குழாயில் ஆக்ஸிஜன் குமிழி சேர்வதைப் பார்த்தோமே, அதே செடி. அது 1950களில் மீன்தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு வந்து, அங்கே நீர்நிலைகளில் கலந்து, அமெரிக்கத் தெற்கு முழுவதும் பரவியது. அந்தக் குமிழியை மறந்துவிடாதீர்கள். தவளையைப் பற்றிப் பேசும்போது அது மீண்டும் தேவைப்படும்.

முதலில் வசந்தம். மார்ச் முதல் வாரத்தில் தண்ணீர் 12, 13 டிகிரி செல்சியஸ் இருக்கும். குளிரில் மடிந்தது போக மிஞ்சிய பாசி தரையிலிருந்து ஓரடி, ஒன்றரையடிதான் நிற்கும். அதற்கு மேல் நான்கைந்து அடி தண்ணீர் வெறுமையாக இருக்கும். முட்டையிடக் கரைக்கு ஏறும் முன் பெண் மீன்கள் அந்தக் கட்டைப் பாசியில்தான் வயிறு நிறையத் தின்று திரிகின்றன. லிப்லெஸ் கிராங்க்பெய்ட், அதாவது ‘உதடில்லாத’ கிராங்க்பெய்ட், இந்த இடத்துக்கென்றே செய்தது போன்ற இரை. விரல் நீளத்துத் தட்டையான பிளாஸ்டிக் மீன். எடை 14 கிராம். வயிற்றுக்குள் சின்னக் குண்டுகள், முதுகில் நரம்பு கட்டும் வளையம், அடியில் மூன்று முனை கொண்ட தூண்டில் முள், அதாவது மும்முள், இரண்டு. குலுக்கினால் குழந்தையின் கிலுகிலுப்பை போலவே ஒலிக்கும். அதனால் நான் அதைக் கிலுகிலுப்பை என்றே சொல்வேன். பில் லூயிஸ் உருவாக்கிய ராட்-எல்-ட்ராப் இந்த வகையில் ஊரறிந்த பெயர்.

வீசி, கொஞ்சம் அமிழவிட்டு, பாசித் தலையை உரசும் வேகத்தில் சுற்றிக்கொண்டே வர வேண்டும். ஓரிடத்தில் ஈரத்துணியில் மாட்டியது போல மந்தமாகக் கனக்கும். அது பாசி. அங்கே தயங்காமல் கோலை மேல்நோக்கி ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். தண்டு அறுந்து இரை விடுபடும். விடுபட்ட நொடியில் குண்டுகள் கலகலக்க ஒரு முழம் பாய்ந்து, பக்கவாட்டில் ஆடிக்கொண்டு கீழே விழும். கடி பெரும்பாலும் அந்த விழும் கணத்தில்தான் வருகிறது. பாசிக்குள் கிடந்த மீன், தப்பி ஓடும் எதையோ யோசிக்காமல் பிடித்துவிடுகிறது. பாசியே ஒட்டாமல் பத்து வீச்சு வந்தால் இரை மீனின் தலைக்கு மேல் வெகு உயரத்தில் ஓடுகிறது என்று அர்த்தம், வேகத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் சடைசடையாகப் பாசி ஏறி வந்தால் வெகு கீழே ஓடுகிறது, வேகத்தைக் கூட்டுங்கள். நான்கில் ஒரு வீச்சு மாட்டி விடுபட வேண்டும் என்பது என் கணக்கு. நிறத்தில் சிவப்புதான் மார்ச்சுக்கு ஏற்றது. கிரேஃபிஷ் என்கிற, இறால் போன்ற நன்னீர் உயிரி அப்போது பாஸின் முக்கியமான தீனி. இரையின் சிவப்பு அதை ஒத்திருக்கிறது.

இந்த இரைக்கு இரண்டு குறைகள் உண்டு. மும்முள் சிறியது, பெரிய மீன் மேலே எம்பித் தலையை உதறினால் கழன்றுவிடும். பாசி மூன்றடிக்கு மேல் வளர்ந்துவிட்டால், அதாவது மே மாதத்திலிருந்து, மேடுகளில் இதை வீசவே முடியாது.

எனக்குப் பிடித்தது என்பதற்காக எதிர்ச்சாட்சியை மறைக்கக் கூடாது. 2014 பிப்ரவரியில் இதே ஏரியில் நடந்த பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியில் 11ஆம் இடத்திலிருந்த ராண்டி ஹவல், கடைசி நாளில் ஐந்து மீன்களை 29 பவுண்டு 2 அவுன்சுக்குப் பிடித்து வென்றார். அவர் வீசியது பாசி மேட்டில் அல்ல. ஸ்பிரிங் கிரீக் பாலத்தடிக் கற்குவியலில், வாய்க்குக் கீழே தகடு நீட்டிய, ‘உதடுள்ள’ கிராங்க்பெய்ட்டை. 2020 மார்ச்சில் இங்கேயே நடந்த அதே போட்டியில் ஹாங்க் செர்ரி மூன்று நாளில் 65 பவுண்டு 5 அவுன்சு பிடித்துக் கோப்பையை எடுத்தது, முன்னால் தகடு கட்டிய ஜிக் என்ற கனத்தலை முள்ளிலும், சுண்டிச் சுண்டி இழுக்கும் ஒல்லி மீன் வடிவ ஜெர்க்பெய்ட்டிலும். பாசி மேட்டிலிருந்து கரைக்கு ஏறும் மீன் வழியில் தங்கும் கற்களையும் பாலங்களையும் விட்டுவிடக் கூடாது என்பதை இந்த இரண்டு வெற்றிகளும் காட்டுகின்றன. ஆனால் போட்டி வீரருக்குத் தேவை நாளுக்கு ஐந்து பெரிய மீன். புதிதாக வருகிறவருக்குத் தேவை மீன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஒரு காலையில் நூறு ஏக்கர் மேட்டைத் தடவிப் பார்த்துவிடும் இரை கிலுகிலுப்பை ஒன்றுதான்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் ஆண் மீன் கரையோரம் வாலால் மண்ணைத் துடைத்துக் கூடு கட்டி முட்டையைக் காக்கும். அந்த நேரத்தில் நான் கூட்டில் நிற்கும் மீனுக்கு வீசுவதில்லை. தந்தை மீனைத் தூக்கிய நிமிடமே புளூகில் மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து முட்டையைத் தின்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். விராலும் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே இப்படித்தான் காவல் நிற்கும்.

இனி ரப்பர் தவளை. உள்ளே காற்று நிறைந்த கூட்டு உடல், முதுகோடு ஒட்டி மேல்நோக்கி நிற்கும் இரட்டை முள், பின்னால் இரண்டு ரப்பர் குஞ்சம். பாசி மெத்தைமேல் எங்கு இழுத்தாலும் மாட்டாது. ஆகஸ்டிலிருந்து முதல் கடுங்குளிர் வரை, ஹைட்ரில்லா மேலே வந்து படுத்து மெத்தை கட்டும் காலமெல்லாம் இதற்கு உரியது; செப்டம்பரும் அக்டோபரும் உச்சம்.

தஞ்சைப் பக்கத்து ஏரிகளில் உயிர்த்தவளையைக் கோத்து விரால் பிடித்து வளர்ந்தவன் நான். அதனால் இது எனக்குக் கைவந்த வேலை என்று நினைத்தேன். பாதிதான் உண்மை. விரால் காற்றைக் குடிக்கும் மீன். மேலே வந்து வாய் திறந்து மூச்சு எடுத்துக்கொண்டு, ஆக்ஸிஜனே இல்லாத பாசிக்கு அடியிலும் இருக்கும். பாஸுக்குச் செவுள் மட்டுமே. புனல் சோதனையை இப்போது நினைத்துப் பாருங்கள். வெயில் இருக்கும்வரை ஹைட்ரில்லா குமிழி விடும். இரவில் அதே செடி ஆக்ஸிஜனை உறிஞ்சும். வெப்பமான இரவு முடிந்து விடியும்போது அடர்ந்த மெத்தையின் நடுவில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. மீன் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும். ஆகவே விராலுக்குப் போவது போலக் கோழி கூவும் நேரத்தில் மெத்தை நடுவில் தவளையை ஓட்டிக்கொண்டிருந்தால் வீண். விடியலில் ஓரங்களை மட்டும் பாருங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி, நிழல் தேடி மீன் உள்ளே நுழைந்த பிறகு நடுவுக்குப் போங்கள்.

இடம் தேர்வதற்குக் கண்ணைவிடக் காது உதவும். மோட்டாரை அணைத்துவிட்டு நில்லுங்கள். பாசிக்கு அடியில் ‘டப், டப்’ என்று உதடு பிரிவது போன்ற ஓசை கேட்கும். இலையில் ஒட்டிய பூச்சிகளை புளூகில் உறிஞ்சும் சத்தம் அது. ஓசை இல்லாத மெத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் தாண்டிப் போய்விடுவேன். ஓசை இருக்கும் இடத்தில் பச்சைப் பரப்பில் ஆங்காங்கே தட்டளவு கரிய ஓட்டைகளும் இருந்தால், அங்கே பாஸ் ஏற்கெனவே பாய்ந்திருக்கிறது.

கடி வரும்போது மெத்தை வெடிக்கும். நெஞ்சு பதறிக் கை தானாகச் சுண்டும். தவளை வெறுமனே பறந்து வரும். “சத்தத்துக்குச் சுண்டாதே, கனத்துக்குச் சுண்டு” என்று பெரியப்பா விராலுக்குச் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. கோலைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி, மீனின் பாரம் கையில் ஏறிய பிறகு முழு பலத்தோடு சுண்ட வேண்டும். அப்படிச் செய்தும் பாதிக் கடிகள் தவறும். பாஸ் தவளையைப் பார்த்துப் பிடிப்பதில்லை. பாசிக்கு மேலே அசைவதைக் குறிவைத்துக் குத்துகிறது. தவளையின் உண்மையான பலவீனம் இதுவே.

அந்தத் தவறிய மீனுக்காகவே மூன்றாவது இரை, பாசியைத் துளைக்கும் குண்டு. 28 முதல் 42 கிராம் வரை எடையுள்ள டங்ஸ்டன் குண்டு, அதை நகராமல் நிறுத்தும் ரப்பர் தடை, ஒரு பெரிய நேர்முள், கைகால் அதிகம் நீட்டாத சிறிய ரப்பர் இரை. இதை வீசுவதில்லை, படகை மெத்தையோடு ஒட்டி நிறுத்தி, ஊசலாட்டி மேலே எழுப்பி, செங்குத்தாக விழவிட வேண்டும். குண்டு மெத்தையைத் துளைத்துக்கொண்டு கீழே உள்ள இருண்ட கூடத்துக்குள் இறங்கும். மெத்தை மேலே மட்டும்தான் அடர்த்தி. கீழே தூண்கள் போலத் தண்டுகள், நடுவே தாராளமான இடம். தரை தொட்டதும் இரண்டு முறை தூக்கி இறக்கி, கடி இல்லையென்றால் எடுத்துவிட்டு அடுத்த துளை. தவளைக்குத் தப்பிய மீன் அதே ஓட்டையில் இறங்கும் இதை நிறையத் தடவை வாங்கிக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்டு நடுப்பகல் வெயிலில் மேலே எதுவும் அசையாதபோதும் இது வேலை செய்யும். ஆனால் நாள் முழுவதும் செய்தால் தோள் கழன்றுவிடும். நாற்பது கெஜம் மெத்தையைத் தடவ ஒரு மணி நேரம் ஆகும்.

கோடையில் எல்லா மீனும் பாசியில் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரும் கூட்டங்கள் ஆற்றுப் பள்ளத்தின் விளிம்புகளுக்கு, 15 முதல் 25 அடி ஆழத்துக்குப் போய்விடுகின்றன. அணையில் மின்சாரம் உற்பத்தி செய்யத் தண்ணீரைத் திறக்கும்போது நீரோட்டம் எழுந்து அவை தீனிக்கு அணிவகுக்கும். அது வேறொரு கலை. அதற்கு ஆழமானி நன்றாகப் படிக்கத் தெரிய வேண்டும்.

இலையுதிர்காலத்திலும் தவளை மட்டுமே அரசன் என்று யாராவது சொன்னால் 2011 அக்டோபரைச் சொல்லுங்கள். ஏரி முழுக்க மெத்தை படர்ந்திருந்த அந்த மாதத்தில் இங்கே நடந்த ஒரு போட்டியில் பால் இலாயஸ் என்ற வீரர், ஐந்து ரப்பர் மீன்களைக் குடைக் கம்பிபோல விரித்துக் கட்டிய அலபாமா ரிக்கைக் கொண்டு நான்கு நாளில் இருபது மீன்கள், மொத்தம் 102 பவுண்டு 8 அவுன்சு பிடித்தார். சராசரி ஒரு மீனுக்கு ஐந்து பவுண்டுக்கு மேல். அடுத்த ஆண்டே, பாஸ்மாஸ்டர் போட்டிகளை நடத்தும் ‘பாஸ்’ (B.A.S.S.) நிறுவனம் தன் உயர்மட்டப் போட்டிகளில் அந்த ரிக்கைத் தடை செய்தது. அது திறந்த நீரின் கதை. பாசி மெத்தைக்குள் அந்தக் கம்பிக் கூட்டத்தை இறக்கவே முடியாது.

பணத்தைப் பார்த்தால் ஒரு வசதி இருக்கிறது. தவளைக்கும் குண்டுக்கும் ஒரே கோல் போதும்: ஏழேகால் அடி, கனமான வகை, 65 பவுண்டு பின்னல் நரம்பு. கிலுகிலுப்பைக்கு அது ஆகாது. விறைப்பான கோலில் மும்முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கொஞ்சம் வளைந்து கொடுக்கும் கோலும் 15, 17 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பும் வேண்டும்.

மார்ச்சில் மூன்று நாள் விடுப்பு கிடைக்கிறவருக்கு என் பதில் தயங்காமல் கிலுகிலுப்பை. ஏரியின் மிகக் கனமான மீன்கள் அப்போதுதான் முட்டையோடு பாசி மேட்டில் இருக்கின்றன. அக்டோபரில் வருகிறவர் தவளையைக் கையிலும் குண்டைக் காலடியிலும் வைத்துக்கொள்ளட்டும். ஜூலையில் வருகிறவர் குண்டை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். குளிர்காலத்தில் பாசி மடிந்து கிடக்கும்போது மெதுவாக ஓட்டும் ஜெர்க்பெய்ட்டும், மிதமான நாட்களில் அதே கிலுகிலுப்பையும் போதும்.

எந்தப் பருவமானாலும் 15 அங்குலத்துக்குக் குறைந்த பாஸை இங்கே வைத்துக்கொள்ள முடியாது. படகில் அளவுகோல் ஒட்டிவையுங்கள். கரையேறியதும் படகு வண்டியின் அச்சிலும் மோட்டார் விசிறியிலும் சுற்றிய பாசியை ஓர் இழை விடாமல் பிடுங்கி அங்கேயே காயப் போடுங்கள். ஹைட்ரில்லாவின் ஒரு கணு அடுத்த ஏரியின் தண்ணீரைத் தொட்டால் போதும், அது அங்கே வேர்விட்டுவிடும்.