திருந்தாத பூமராங்: 'சூசைட் ஸ்குவாட்' தொகுப்பு வாங்கலாமா?

திருந்தவே திருந்தாத வில்லனை நாயகர் குழுவில் சேர்க்கலாமா? ஜான் ஆஸ்ட்ரான்டர் எழுத்தில் 1987இல் தொடங்கிய இந்த காமிக்ஸ் தொடரைக் கேட்டால், தாராளமாக, ஆனால் கடிவாளத்தோடு. சிறையிலுள்ள வில்லன்களை ஆபத்தான பணிகளுக்கு அனுப்பும் அரசு அதிகாரி அமாண்டா வாலர், தப்பி ஓடினால் வெடிக்கும் காப்பை அவர்கள் மணிக்கட்டில் மாட்டித்தான் அனுப்புகிறார். 9ஆம் இதழில், காப்பு நிஜமாகவே வெடிக்குமா என்று பார்க்க, குழுவிலுள்ள வில்லன் கேப்டன் பூமராங், சக கைதி ஸ்லிப்நாட்டை உசுப்பிவிட்டு ஓடவைக்கிறான். ஸ்லிப்நாட்டுக்குக் கை போகிறது. பூமராங்குக்குப் பதில் கிடைத்துவிட்டது. படுபாவி! இவன் திருந்தியிருந்தால் தொடர் அன்றே படுத்திருக்கும்.

கோலாலம்பூரில் தேடுவோர் கவனிக்க: முதல் தொகுப்பு 8ஆம் இதழோடு முடிகிறது, இந்தக் காட்சிக்கு இரண்டாவது வேண்டும். பழைய பிரதியானால் நடுப்பக்கத்தை மெல்லத் திறந்து பாருங்கள். நம்ம ஊர் ஈரப்பதத்தில் முதுகுப் பசை விட்டு, தாள் கொத்தாகக் கையோடு வந்துவிடும். அப்படியிருந்தால் பாதி விலைக்கும் வேண்டாம்.