பைப்லைன் ஓட்டுகளைத் துருவ காங்கிரஸ் டாட் கவ் போதுமா?

அமெரிக்க நாடாளுமன்ற மசோதாக்களை இலவசமாகத் தேட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நடத்தும் தளம் காங்கிரஸ் டாட் கவ் (congress.gov). 'எங்கள் செனட்டர் பைப்லைனுக்கு ஓட்டுப் போட்டது எங்கள் பிழைப்புக்காகவா?' என்று கேட்பவருக்குப் பாதி விடைதான் இங்கே கிடைக்கும். யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்ற அந்தப் பாதியில் குறை சொல்ல அதிகமில்லை.

கீஸ்டோன் எக்ஸ்எல் (கனடா எண்ணெயை அமெரிக்காவுக்குக் கொண்டுவரத் திட்டமிட்டு, 2021-இல் கைவிடப்பட்ட பைப்லைன்) மசோதாவை வைத்தே சோதிக்கலாம். 114-வது காங்கிரஸை (2015-16 நாடாளுமன்றம்) தேர்ந்தெடுத்து, எஸ் 1 (செனட் மசோதா எண் 1) என்று தேடி, 'ஆக்‌ஷன்ஸ்' பகுதியைத் திறந்தால் முழு வரலாறும் வரிசையாக இருக்கிறது. 2015 ஜனவரி 29-இல் செனட்டில் 62-36, பிப்ரவரி 11-இல் பிரதிநிதிகள் சபையில் 270-152, பிப்ரவரி 24-இல் ஒபாமாவின் வீட்டோ. மார்ச் 4-இல் வீட்டோவை முறியடிக்கப் பார்த்தபோது 62-37. மூன்றில் இரண்டு பங்கு எட்டவில்லை. வாக்கு எண்ணைச் சொடுக்கினால் செனட்டின் சொந்தப் பக்கத்துக்குப் போகும். அதில் மாநிலவாரிப் பட்டியலும் உண்டு. வாக்காளருக்கு அதுதான் வசதி.

இறுதி ஓட்டோடு நின்றுவிடாதீர்கள். விஷயம் திருத்தங்களில் இருக்கிறது. குழாய்க்கு அமெரிக்க எஃகு வேண்டும் என்ற செனட்டர் அல் ஃப்ராங்கனின் திருத்தம் 53-46 என்றும், எண்ணெயை ஏற்றுமதி செய்யக் கூடாது என்ற செனட்டர் எட் மார்க்கியின் திருத்தம் 57-42 என்றும் ஓரங்கட்டப்பட்டன. 'வேலைவாய்ப்புக்காகவே ஆதரித்தேன்' என்பவர் எஃகு விஷயத்தில் எந்தப் பக்கம் நின்றார் என்று பாருங்கள். தப்பாகப் படிக்க வாய்ப்புள்ள இடமும் இதுதான்: நடந்தது 'மோஷன் டு டேபிள்', அதாவது ஒதுக்கிவைக்கும் தீர்மானம். இங்கே 'யே' (ஆம்) போட்டவர் திருத்தத்தை எதிர்த்தவர். வாக்குப் பக்கம் தீர்மானத்தின் பெயரைத்தான் சொல்லும், இந்தத் தலைகீழ்க் கணக்கைச் சொல்லாது. அதேபோல, விவாதத்தை முடிக்கும் குளோச்சர் ஓட்டு தோற்கும்போது பெரும்பான்மைத் தலைவர் சில நேரம் வேண்டுமென்றே 'நே' (இல்லை) போடுவார். அந்தத் தீர்மானத்தை மறுபடி ஓட்டுக்குக் கொண்டுவர அந்த 'நே' வழிவிடும். அதை எதிர்ப்பாக எண்ணக் கூடாது. குரல் வாக்கெடுப்பென்றால் பெயர்ப் பட்டியலே கிடையாது.

இதற்கு முந்தைய கீஸ்டோன் மசோதாவுக்காக லூசியானா செனட்டர் மேரி லாண்ட்ரூ முன்னின்று நடத்திய 2014 நவம்பர் 18 வாக்கெடுப்பில் 59-41. தேவைப்பட்டது 60. டிசம்பர் மறுதேர்தலில் அவரைத் தோற்கடித்த பில் கேசிடியும் அதே பைப்லைனுக்காகப் பிரதிநிதிகள் சபையில் மசோதா கொண்டுவந்தவர். ஓட்டுப் பதிவை மட்டும் வைத்து இந்த இருவரில் யார் தொகுதிக்கு நல்லவர் என்று சொல்லிவிட முடியுமா என்ன?

மறுபாதியான பொருளாதாரக் கணக்குக்கு வெளியுறவுத் துறையின் 2014 ஜனவரி சுற்றுச்சூழல் அறிக்கைக்குப் போக வேண்டும். அதில் சமூகப் பொருளாதார அத்தியாயம் போதும். மேடைகளில் முழங்கிய 42,100 வேலைகள், கட்டுமானக் காலத்துக்கு மட்டுமான, நேரடியும் மறைமுகமும் சேர்ந்த மொத்தம். நேரடிக் கட்டுமான வேலை ஓராண்டுக் கணக்கில் சுமார் 3,900. எண்ணெய் ஓடத் தொடங்கினால் சுமார் 50, அதில் நிரந்தரம் 35. உள்ளூருக்கு நிலைத்து நின்றிருக்கக்கூடிய வரவு சொத்து வரிதான். அதுவும் குழாய் போவதாக இருந்த மொன்டானா, தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் போன்றவை). உங்கள் கவுண்டி அந்தப் பாதையில் இல்லையென்றால் அந்த வரி உங்கள் கணக்கில் வந்திருக்காது.

ஒரே உறுப்பினரின் ஓட்டுகளை வரிசையாகப் பார்க்க கவ்டிராக் தளம் வசதியானது. தீர்மானத்தின் சரியான வாசகத்துக்கு மட்டும் காங்கிரஸ் டாட் கவ் பக்கமே வாருங்கள்.