இயற்கை வளப் பாதுகாப்பு டிப்ளோமாவுக்குக் காசு கட்ட முன் பாருங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வன்னியில் வீடு தேடி வரும் துண்டுப் பிரசுரம் ஒன்று: இயற்கை வளப் பாதுகாப்பு டிப்ளோமா, ஆறு மாதம், அரச அங்கீகாரம், திணைக்களங்களில் வேலை. நம்பிக் கட்டிய பிள்ளைகளுக்குக் கடைசியில் கிடைத்தது நிறுவனத்தின் சொந்த முத்திரை குத்திய தாள். அதில் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) மட்டம் என்று ஒரு வரியும் இல்லை.

அந்த "அரச அங்கீகாரம்" முழுப் பொய்யாக இருந்தால் பெற்றோர் உடனே பிடித்திருப்பார்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிந்துதான் இருந்தது. நிறுவனத்தைப் பதிவது ஒரு வேலை. ஒவ்வொரு பாடநெறிக்கும் அங்கீகாரம் எடுப்பது வேறு வேலை. கணினி வகுப்புக்கு எடுத்த அங்கீகாரத்தைக் காட்டி, அதே பெயர்ப்பலகையின் கீழ் காட்டையும் குளத்தையும் பற்றிய டிப்ளோமாவை விற்றார்கள். ஆகவே நிறுவனப் பதிவிலக்கத்தோடு திருப்திப்பட வேண்டாம். நீங்கள் சேரப்போகும் பாடநெறியின் பெயரும் மட்டமும் ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள். டிப்ளோமா என்றால் என்.வி.கியூ மட்டம் 5 அல்லது 6.

மணிக்கணக்கையும் போட்டுப் பாருங்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் டிப்ளோமாவுக்குக் குறைந்தது 30 கிரெடிட். ஒரு கிரெடிட் 50 கற்றல் மணி, ஆக 1500 மணி. சனி, ஞாயிறு ஐந்து மணிப்படி 26 வாரம் நடத்தினால் 260 மணிதான். அதைப்போல இரண்டு மடங்கு நேரம் பிள்ளை வீட்டிலிருந்து படித்தாலும் 780.

மன்னார் கட்டுக்கரைக் குளத்துக்கு பஸ்ஸில் போய்ப் படம் எடுத்து வருவதைக் களப்பயிற்சி என்கிறார்கள். உண்மையான களப்பயிற்சி என்றால் காட்டில் 20 மீற்றர் சதுரத் துண்டு அடித்து, அதற்குள் நிற்கும் பாலை, வீரை, முதிரை மரங்களை இலை பார்த்துப் பிரித்து, 1.3 மீற்றர் உயரத்தில் சுற்றளவு அளந்து, ஜி.பி.எஸ். புள்ளியை வரைபடத்தில் ஏற்றத் தெரிய வேண்டும். குளத்து நீரில் கரைந்த ஒட்சிசனை அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். சுண்டிக்குளம், மடு வீதி தேசியப் பூங்காக்களில் ஆய்வு செய்ய வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். "முந்திய அணிக்கு எடுத்த கடிதத்தைக் காட்டுங்கள்" என்றால் பதில் தெரிந்துவிடும்.

எங்களுக்கு மிகவும் வலிப்பது, பல்கலைக்கழக அனுமதிக்கான கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து இந்தத் தாளுக்குக் காசு கொடுக்கும் பிள்ளைகள். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. பெரும்பாலான பாடநெறிகளில் 55 வீத இடங்கள் மாவட்ட ஒதுக்கீடு, அதற்கு மேல் பின்தங்கிய மாவட்டங்களுக்கென 5 வீதம். உங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளியை மட்டும் பாருங்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம், சபரகமுவவில் இயற்கை வள முகாமைத்துவம், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம்: மூன்றிலும் கற்பித்தல் கட்டணம் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை நிரப்புங்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் துண்டுப் பிரசுரத்தையும் பற்றுச்சீட்டையும் எறிந்துவிட வேண்டாம். முறைப்பாட்டுக்கு அவை இரண்டும்தான் கைப்பிடி.