புயலுக்குப் பிந்தைய பணம்: அளவீட்டுக் காப்பீடா, காத்திருப்புக் கடனா?

கரீபியத் தீவுகளின் கூட்டுக் காப்பீடான சிசிஆர்ஐஎஃப் 2007 முதல் இயங்குகிறது. இது அளவீட்டுக் காப்பீடு; சேதத்தைக் கணக்கெடுக்க யாரும் வரமாட்டார்கள். காற்றையோ மழையையோ வைத்துக் கணினி மாதிரி கணக்கிடும் இழப்பு ஒப்பந்த வரம்பைத் தாண்டினால் 14 நாளில் பணம். 2017 மரியா புயலுக்குப் பின் டொமினிக்காவுக்கு இப்படி சுமார் 1.9 கோடி டாலர் வந்தது. அவசரச் செலவுக்கு ஆகும், வீடு கட்ட ஆகாது. சேதமும் இழப்புமாகப் போனது ஜிடிபியில் 226 சதவீதம்.

வரம்பைத் தொடாவிட்டால் கைவிரிப்புதான். 2015இல் எரிக்கா புயலின்போது டொமினிக்காவில் நாசம் செய்தது மழை. காற்று வலுவாக இல்லாததால் புயல் பாலிசி பைசா தரவில்லை. மழை பாலிசி மட்டும் சுமார் 24 லட்சம் டாலர் தந்தது.

உலக வங்கியின் காத்திருப்புக் கடனில் இந்த வரம்புத் தொல்லை கிடையாது. முன்பே ஒப்புதல் வாங்கி வைத்து, பேரிடர் நிலை அறிவித்ததும் எடுக்கலாம். 2021 ஏப்ரலில் லா சூஃப்ரியர் எரிமலை வெடித்தபோது செயின்ட் வின்சென்ட் 2 கோடி டாலர் எடுத்தது. ஆனால் திருப்பிக் கட்ட வேண்டும்; ஒப்புதலுக்கு முன் சீர்திருத்த நிபந்தனைகளும் உண்டு.

அடிக்கடி வரும் நடுத்தர இடருக்குக் கடன், அரிதான பெரும்புயலுக்குக் காப்பீடு என்று பிரிப்பதே சரி. கடன் தலைக்கு மேல் ஏறிய நாடு, ஹைட்டிக்கு நடந்ததுபோல், பிரீமியத்தைக் கட்டித் தரும்படி நன்கொடை நாடுகளைக் கேட்கலாம்.