மொறிஸ் மைனர் டாஷ்போட் எழுத்துகள்: நாலு வருடத்துக்குப் பிறகு

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் கார் 1961இல் வந்தது. இழுத்து ஸ்ராட் பண்ணும் குமிழ் ஒன்று, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இழுக்கும் சோக் குமிழ் ஒன்று. ஒன்றில் ‘எஸ்’, மற்றதில் ‘சீ’ என்று எழுத்தைக் குழிவாக வெட்டி வெள்ளை நிரப்பியிருக்கும். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், அப்பா கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பிச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் இந்தக் காரை ஓட்டினார். அந்த வருடங்களில் சோக் குமிழ் பட்ட பாடு ‘சீ’யில் தெரிந்தது. வெள்ளை முழுக்கப் போய், குழிக்குள் அழுக்கு மட்டும் மிச்சம்.

2021 தை மாதம் அதைத் திருத்தத் தொடங்கினேன். இப்போது நாலு வருடம் தாண்டிவிட்டது. எது நின்றது, எது போனது என்று நம்பிச் சொல்ல இந்தக் காலம் போதும்.

முதலில் வாங்கியது அக்ரிலிக் பெயின்ற் பேனை. அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது, பார்க்கவும் வடிவு. எட்டு மாதத்தில் ஓரம் கிளம்பியது; ஒருநாள் சோக்கை இழுக்க, ‘சீ’ முழுதாகத் தோல் உரிவதுபோல் பெருவிரலோடு வந்தது. பேனையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். டாஷ்போட் மினுங்கட்டும் என்று பல வருடமாகச் சிலிக்கன் பொலிஷ் பூசி வந்தோம். அது குழிக்குள் இருக்கும்வரை எந்தப் பெயின்றும் பிடிக்காது. பூசியதும் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். இதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு முறை தோற்க வேண்டியிருந்தது.

மூன்றாம் முறை குமிழ்களைக் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல்துலக்கியும் கொண்டு மூன்று தரம் கழுவி, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டேன். பெயின்ற் பூசும் வேலையைவிட இதற்குத்தான் நேரம் போனது. போகட்டும்.

பிறகு எனாமல். மொடல் விமானங்களுக்குப் பூசும் 14 மில்லிலீற்றர் டப்பா, மங்கல் வெள்ளை. மூன்று சைபர் (000) என்ற மிக மெல்லிய பிறஷால் எழுத்தின் கரையைப் பார்த்துப் பார்த்துத் தீட்டக்கூடாது. கைநடுக்கம் காட்டிக்கொடுத்துவிடும். குழி நிறைந்து வழியும்வரை தாராளமாக விட்டு, பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். விசிற்றிங் காட் ஒன்றில் பழைய சாரத்துணியை இறுக்கிச் சுற்றி, டேர்பன்ரைனில் தொட்டு, ஈரம் தெரியாத அளவுக்குப் பிழிந்து, குழியின் குறுக்காக ஒரே இழுவை. மென்துணியை விரலில் சுற்றித் துடைத்தால் அது குழிக்குள் இறங்கிப் பெயின்றை அள்ளிவிடும். விசிற்றிங் காட்டின் தட்டையான முகம் மேற்பரப்பை மட்டும் தொடும். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எழுத்துக் கூர்மையாக வந்தது. மண்ணெண்ணெயால் துடைக்க வேண்டாம், எண்ணெய்ப்படை நிற்கும். என்சி (நைற்றோசெல்லுலோஸ்) பெயின்றைக் கரைக்கும் தின்னர் பக்கமே போக வேண்டாம். பின்னாளில் மாற்றிப் போட்ட பிளாஸ்ரிக் குமிழ் ஒன்றின் முகத்தை அது ஒரு நொடியில் இளக்கிவிட்டது.

காலமும் முக்கியம். மாரியில் எனாமல் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். சோளகம் வீசும் மாதங்களில் புழுதி வந்து ஒட்டும். நான் செய்தது மாசி மாதக் காலைகளில், கதவடைத்த அறையில். தொட்டால் ஒட்டாத நிலை அன்றே வந்தாலும் இரண்டு கிழமை காரில் பூட்டவில்லை.

எனாமல் பூசிய நாளிலிருந்து ‘எஸ்’ அப்படியே இருக்கிறது. ‘சீ’யின் கீழ்வளைவில் மட்டும் மெல்லிய தேய்வு. நான் எதிர்பாராதது வேறொன்று. பழகிப் பார்க்க அதே பெயின்றால் நிரப்பிய உதிரிக் குமிழொன்றைக் குளோவ் பொக்ஸுக்குள் போட்டு வைத்திருந்தேன். அது யானைத் தந்தத்தின் நிறத்துக்குப் பழுத்துவிட்டது. வெயில் படும் டாஷ்போட்டில் உள்ளவையோ வெள்ளை. எண்ணெய் சார்ந்த எனாமல் இருட்டில்தான் மஞ்சளாகும். ஜன்னலோரம் இரண்டு கிழமை வைத்தேன், பெரும்பாலும் தெளிந்தது.

நடுவில் இருக்கும் ஸ்பீடோமீற்றரின் ஊசியையும் செய்தேன். இதில் கை அடக்கமாக இருக்க வேண்டும். ஊசியின் பாரம் கூடினால் சமநிலை கெட்டு, அது காட்டும் வேகம் பிழையாகிவிடும். ஆகவே ஒரேயொரு மெல்லிய பூச்சு. ஊசியைக் கழற்றவில்லை, அடியில் கடதாசித் துண்டொன்றைச் செருகிக்கொண்டு பூசினேன். முகப்பில் அச்சிட்ட எண்களைத் தொடவே கூடாது. டேர்பன்ரைன் பட்ட துணி ஒருதரம் போனால் எண் போய்விடும், திரும்ப வராது. கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்ததே பாதிப் புதுமையைத் தந்தது.

தெரிந்தவர்கள் புதுக்குமிழ் வாங்கிப் போடச் சொல்கிறார்கள். கிடைக்கும்தான். ஆனால் அப்பாவின் பெருவிரல் பட்டுப் பட்டு இந்தச் சோக் குமிழின் வலது விளிம்பு ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. அந்த இடத்தில் அரத்தாளும் போடவில்லை, பெயின்றும் வைக்கவில்லை. வருகிற மாசியில் ‘சீ’யின் கீழ்வளைவை மட்டும் இன்னொருதரம் நிரப்புவேன்.